பூட்டை வெளியில் போடாதீர்கள்

சிஸ்டர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. பிள்ளைகளை எந்த வயதில் வீட்டில் தனியாக விடலாம்? கேட்டிருப்பவர்கள் வேலைக்குப் போகும் அம்மாக்கள், அப்பாக்கள், ஒரு தாத்தா, அப்புறம் ஒரு பிள்ளையே எழுதியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் 29 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அடிபட்டு, சுட்டுக்கொண்டு, எதையோ குடித்துவிட்டு வந்த பிள்ளைகளை எத்தனை பேர் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன். அதனால் சளி, காய்ச்சல், பூச்சி மருந்துக் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள சிஸ்டர், நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் கணவர் டெம்போ ஓட்டுகிறார், எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாது. மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6 வயது. இதுவரை மாமியார் கூட இருந்தார். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குப் போய்விட்டார், இனி வர மாட்டார். பிள்ளைகள் நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு ஷிப்ட் பார்த்தால் நான் ஆறு மணிக்கு வந்துவிடலாம். ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்பது ஆகிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்க்காவிட்டால் வாடகையும் சீட்டுப் பணமும் கட்ட முடியாது. மகன் பொறுப்பானவன். பக்கத்து வீடுகளில் 'பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு எட்டு வந்து உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போ, ஒன்றும் ஆகாது' என்கிறார்கள். விடலாமா?
பெயர் வேண்டாம், திருப்பூர்

அம்மா, உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது கடைசிக்கு முந்தைய வரியில்தான். 'பூட்டிவிட்டுப் போ, ஒன்றும் ஆகாது.' இதே பேச்சை எனக்கும் சொன்னார்கள். நானும் கேட்டேன். என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994. என் மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. எனக்கு நைட் டூட்டி வரும் வாரங்களில் ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் எட்டு மணிக்கு வார்டில் கையெழுத்துப் போட முடியும். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து எட்டரைக்கு வருவார். நடுவில் ஒன்றரை மணி நேரம். சாப்பாடு போட்டு, அடுப்பை அணைத்து, 'யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே' என்று சொல்லிவிட்டு, வெளியில் பூட்டுப் போட்டுவிட்டுப் போவேன். ஒரு சாவி என்னிடம், ஒன்று அவரிடம். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு நாள் ஏழரைக்குக் கரண்ட் போனது. மகன் சிம்னி விளக்கை ஏற்றினான். ஏற்றத் தெரியும் அவனுக்கு, நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தரையில் வைத்திருக்கிறான். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த சின்னவளின் காலில் பட்டு விளக்கு சாய்ந்து, பாவாடை ஓரத்தில் பற்றிக்கொண்டது. அவன் என்ன செய்தான் தெரியுமா? மண்டி போட்டு உட்கார்ந்து, கன்னத்தை உப்பி, ஊதினான். விளக்கை ஊதி அணைக்கத்தானே பழக்கியிருந்தேன். அவன் ஊத ஊத நெருப்பு மேலே ஏறியது.

அலறல் கேட்டு எதிர்வீட்டு அத்தை ஓடி வந்திருக்கிறார். கதவு பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'போர்வையைப் போட்டுச் சுத்துடா' என்று கத்தியிருக்கிறார். அவன் காதில் ஏறவில்லை, ஊதிக்கொண்டே இருந்தான். கடைசியில் அத்தை ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வந்து பூட்டின் மேல் போட்டு உடைத்து உள்ளே போய், குடத்துத் தண்ணீரைக் கொட்டி அணைத்தார். பூட்டு உடைய எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு பலமுறை கேட்டேன். 'நாலைஞ்சு போடு போட்டேன்மா' என்று மட்டும் சொன்னார். மகளுக்கு இடது கெண்டைக்கால் முழுக்கப் புண். நான் வேலை பார்த்த வார்டிலேயே பதினெட்டு நாள் படுத்திருந்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. மகனுக்கு இப்போது 40 வயது. இன்றைக்கும் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போது கையை நீட்டி, ஒரு அடி தள்ளி நின்றுதான் பற்ற வைப்பான்.

அவனும் பொறுப்பான பிள்ளைதான் அம்மா. சொன்னதை எல்லாம் செய்தான். கதவு பக்கம் போகாதே, அடுப்பைத் தொடாதே, தங்கையை அடிக்காதே என்று நான் பத்து 'செய்யாதே' சொல்லியிருந்தேன். இப்படி ஆனால் இதைச் செய் என்று ஒன்றுகூடச் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன், அண்ணன், சொல் பேச்சு கேட்பவன் என்பதெல்லாம் ஒன்றும் நடக்காத நாளுக்குப் போதும். நடக்கிற நாளில் கை என்ன செய்யும் என்பது வேறு.

சரி, இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. இந்த வயதுக்கு மேல் விடலாம், இதற்குக் கீழே விடக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் ஒரு வயதைச் சொல்லவில்லை. ஆனால் 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு அதற்குத் துன்பம் வரும்படி செய்தால் 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பக்கத்து வீட்டார் சொன்ன 'ஒன்றும் ஆகாது' அங்கே நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

6 வயதுப் பிள்ளையைத் தனியாகவும் விடக்கூடாது, 10 வயது அண்ணன் பொறுப்பிலும் நாலரை மணி நேரம் விடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. தன்னைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை வேறு, இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை வேறு. பின்னதற்குப் பதிமூன்று, பதினான்கு வயதாவது ஆக வேண்டும். பத்து வயதுப் பையன் தானே ஒரு பிள்ளை. அவனுக்கும் பசிக்கும், இருட்டினால் பயம் வரும், தெருவில் கிரிக்கெட் சத்தம் கேட்டால் கால் துடிக்கும். அந்த நேரத்தில் தங்கை கீழே விழுந்தால் அது அவன் குற்றம் ஆகிவிடும். என் மகன் அதைச் சுமந்தான்.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அரை ஷிப்ட்டுக்குக் கிடைக்கும் கூலியில் ஒரு பங்கை, உங்கள் லைன் வீட்டிலேயே வேலைக்குப் போகாமல் இருக்கும் ஒரு அம்மாவுக்கோ பாட்டிக்கோ மாதாமாதம் கொடுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளச் சொன்னால் பத்து நாள் ஓடும், பதினோராவது நாள் அவருக்கு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் வரும். பணம் கொடுத்தால் அது பேச்சுப்படி ஏற்பாடு. இன்னொரு வழி, உங்களைப் போலவே ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் இரண்டு மூன்று அம்மாக்கள் சேர்ந்து நாள் மாற்றி ஷிப்ட் எடுப்பது. திங்கள் நீங்கள் ஆறு மணிக்கு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டால் செவ்வாய் இன்னொருவர். சூப்பர்வைசரிடம் ஒருவராகப் போய்க் கேட்பதைவிட மூன்று பேராகப் போய்க் கேளுங்கள்.

மகனை மட்டும், நாலரையிலிருந்து ஆறு வரை, ஒரு ஷிப்ட் நாட்களில் விடலாம். அதுவும் பழக்கிய பிறகு. எப்படிப் பழக்குவது என்று எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் கதவு. பூட்டை வெளியில் போடாதீர்கள். உள்ளே தீயோ, கேஸ் கசிவோ, மயக்கமோ எது வந்தாலும் பிள்ளை வெளியே வர ஒரு வழி வேண்டும். பெரியவர்கள் உள்ளே போகவும் ஒரு வழி வேண்டும். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளட்டும். மேல் தாழ்ப்பாள் கைக்கு எட்டாது, ஸ்டூல் போட்டு ஏறிப் போட்டுவிட்டு, அவசரத்தில் ஸ்டூலைத் தேடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவன் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கட்டும், அதை மட்டும் போடட்டும். பாத்ரூம் கதவைத் தாழ் போடவே வேண்டாம், சாத்தினால் போதும். துருப்பிடித்த பாத்ரூம் கொண்டி சிக்கி உள்ளே மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் அநேகம். இன்னொரு சாவி பக்கத்து வீட்டில் ஒருவரிடம், நீங்கள் முழுக்க நம்பும் ஒருவரிடம், இருக்க வேண்டும்.

அடுத்தது கேஸ். அடுப்பைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டருக்கு முன்னால் அவனை உட்கார வைத்து, ரெகுலேட்டர் திருகியை அவன் கையாலேயே மூடித் திறக்கச் செய்யுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. பத்து தடவை அவன் விரல் திருக வேண்டும். சில ரெகுலேட்டர்கள் இறுக்கமாக இருக்கும், பிள்ளையின் கைக்கு அசையாது. அது உங்களுக்குத் தெரிய வேண்டாமா? நீங்கள் கிளம்பும்போது நீங்களே மூடிவிட்டுப் போக வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கசிந்தால் தெரிவதற்காகத்தான் அதில் அந்த அழுகல் வாடையைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் லைட்டைப் போடவும் கூடாது, எரியும் லைட்டை அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சின்னப் பொறி போதும். கதவைத் திறந்து போட்டுவிட்டு நேரே தெருவுக்கு ஓடு, பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடு. இவ்வளவுதான் பத்து வயதுக்கு. கேஸ் கசிவுக்கென்று இருக்கும் 1906 எண்ணுக்கு அத்தை பேசிக்கொள்வார்.

சுட்டுக்கொண்டால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். பேனா மை, பற்பசை, தோசை மாவு எதுவும் கூடாது. வார்டில் வெந்த புண்ணைவிட, அதன் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் மாவைக் கழுவி எடுப்பதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் கதறுவார்கள். துணியில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது, ஊதக்கூடாது. கீழே படுத்து உருள வேண்டும். இதை வாயால் சொல்லாமல் பாயை விரித்து உருண்டு காட்டச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே உருளுவான், உருளட்டும்.

போன். பட்டன் போன் ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும், சார்ஜோடு. உங்கள் நம்பரும் அப்பா நம்பரும் மனப்பாடம் ஆக வேண்டும். அவசரத்துக்கு 112. பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை. ஆனால் அங்கே முதலில் கேட்பார்கள், 'எங்கே இருக்கிறாய்?' என்று. இதைச் சோதித்துப் பாருங்கள். நான் தெரிந்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளிடம் கேட்பது இதைத்தான். பள்ளிக்கூட விலாசத்தைப் பின்கோடு வரை ஒப்பிக்கும் பிள்ளை, தன் வீட்டுக்கு வழி கேட்டால் 'எங்க வீடுதான்' என்கிறது. தெருப் பெயர், பக்கத்தில் இருக்கும் கோயிலோ ரேஷன் கடையோ, எத்தனையாவது வீடு, கதவு என்ன நிறம். அப்படிச் சொல்லத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போங்கள். திரும்பி வந்ததும் 'பயந்தாயா?' என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வான். 'இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?' என்று கேளுங்கள். டி.வி. பார்த்தேன், தண்ணீர் குடித்தேன், படம் வரைந்தேன் என்று சொன்னால் நல்லது. எல்லா லைட்டையும் போட்டுவிட்டு வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். பத்து, அப்புறம் அரை மணி, அப்புறம் ஒரு மணி. இரண்டு மாதம் ஆகட்டும். நடுவில் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கதவைத் தட்டச் சொல்லி, 'அம்மா கூட்டி வரச் சொன்னாங்க, வா' என்று கூப்பிடச் சொல்லுங்கள். தெரிந்த குரல்தானே என்று திறந்துவிடுகிறானா, உங்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறானா? அன்றைக்குத் தெரிந்துவிடும் அவன் தயாரா இல்லையா என்று.

சிஸ்டர், நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 12 வயது. கோடை விடுமுறையில் 'பாட்டி வீட்டுக்குப் போக மாட்டேன், வீட்டிலேயே இருக்கிறேன்' என்கிறாள். அடுக்குமாடிக் குடியிருப்பு, கீழே வாட்ச்மேன், கேமரா எல்லாம் உண்டு. என் அம்மாவோ 'பொம்பளைப் பிள்ளையைத் தனியா விடுவியா' என்று தினமும் சண்டை. பையனாக இருந்தால் விட்டிருப்போமே என்று மனைவி கேட்கிறார். எது சரி?
ஒரு தந்தை, சென்னை

உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது, உங்கள் அம்மாவின் பயத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தைப் பெண் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆண் பிள்ளைகளும் எங்கள் வார்டுக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே ஆண், பெண் என்று பார்ப்பதில்லை.

வாட்ச்மேனும் கேமராவும் வெளியிலிருந்து வரும் ஆளைப் பார்ப்பதற்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஒவ்வொரு வருடமும் வருவது, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் செய்தது என்று. மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், அப்பாவின் நண்பர். அதனால் 'தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்காதே' என்பது பாதிப் பாடம்தான். நீங்களும் மனைவியும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்குத் திறக்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். நான்கு பெயருக்கு மேல் போகக்கூடாது. அதில் இல்லாதவர் யாராக இருந்தாலும், சொந்தச் சித்தப்பாவே ஆனாலும், உங்களில் ஒருவர் போனில் சொல்லும் வரை கதவு திறக்காது. சித்தப்பா கோபித்துக்கொண்டால் நீங்கள் சமாளிக்க வேண்டும், மகள் அல்ல. இதை அவள் காதுபடச் சொல்லுங்கள். பெரியவர்களை வாசலில் நிற்க வைத்தால் மரியாதைக் குறைவு என்று நாம் ஊட்டி வளர்த்திருக்கிறோம். அந்த மரியாதைதான் பல பிள்ளைகளின் வாயை அடைத்தது.

பார்சல் வந்தால் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். 'அம்மா குளிக்கிறாங்க' என்று சொல்லலாம், அது பொய் இல்லை, காப்பு. லிப்டில் யார் கேட்டாலும் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஒன்று. இது அப்பா எழுதிய கடிதம் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் மகள் இன்னும் வயதுக்கு வரவில்லை என்றால், முதல் நாள் அவள் தனியாக இருக்கும்போது வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, எங்கேயோ வெட்டுப்பட்டுவிட்டது, சாகப் போகிறோம் என்று நினைத்து, அம்மா வரும் வரை நான்கு மணி நேரம் பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்குப் போன் செய்யக்கூட வெட்கம். நாப்கின் எந்த அலமாரியில் இருக்கிறது, எப்படி வைப்பது, வந்ததும் யாரைக் கூப்பிடுவது என்று விடுமுறை தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அம்மா பேசட்டும். நீங்களும் தெரிந்து வைத்திருங்கள், ஏனென்றால் அன்றைக்கு அவள் கூப்பிடும் போனை எடுப்பது நீங்களாக இருக்கலாம்.

12 வயதுக்குக் காலை முதல் மாலை வரை முழு நாள் அதிகம். மதியம் வரை இருக்கட்டும், பிறகு நீச்சலோ பாட்டு வகுப்போ நூலகமோ. அல்லது உங்கள் அம்மாவையே ஒரு மாதம் இங்கே வந்து இருக்கச் சொல்லுங்கள். பேத்தியை நினைத்துத்தானே சண்டை போடுகிறார்.

என் மகன் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறான். நான் போயிருந்தபோது 11 வயதுப் பேரனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகவே மருமகள் பயந்தார். போலீஸ் வந்துவிடும் என்கிறார். உண்மையா?
ஒரு தாத்தா, கும்பகோணம்

ஐயா, அங்கேயும் சட்டத்தில் இத்தனை வயது என்று இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து வரும்படி விட்டுப் போனால் குற்றம், 1933-ஆம் வருடத்துச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம். அங்கே பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று இருக்கும் என்.எஸ்.பி.சி.சி. என்ற தொண்டு அமைப்பு சொல்வது, பன்னிரண்டு வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நெடுநேரம் தனியாக இருக்கும் பக்குவம் வராது, பதினாறுக்குக் கீழே இரவில் தனியாக விடக்கூடாது என்று. கால் மணி நேரம் கடைக்குப் போய் வருவதை யாரும் நெடுநேரம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் உங்கள் மருமகள் பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆபத்து என்றால் ஓடி வர நம் ஊர் எதிர்வீட்டு அத்தை அங்கே இருக்கிறாரா என்பதை அவர்தான் அறிவார்.

நாங்கள் கிராமத்தில் இருக்கிறோம். நூறு நாள் வேலைக்குப் போகும்போது 3 வயது மகனை 7 வயது மகளிடம் விட்டுப் போகிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். என் அக்காதான் என்னைத் தூக்கி வளர்த்தாள். இப்போது டவுனிலிருந்து வந்த நாத்தனார் பெரிய தப்பு என்கிறார். வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.
வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

அம்மா, போவார்கள். கைப்பிடிச் சுவர் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றால் இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கே முள்ளையாவது வெட்டிப் போட்டு அடையுங்கள்.

கிணறுகூட வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாதி நிறைந்த வாளி போதும். தலை கனம், உடம்பு சின்னது. குனிந்து கையை விட்டால் தலை உள்ளே போகும், திரும்ப எழ முடியாது. சத்தமும் வராது. அடுத்த அறையில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கேட்காது. கிளம்பும் முன் வாளி, அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். மண்ணெண்ணெயையும் பூச்சிக்கொல்லியையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108-ஐக் கூப்பிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உங்கள் அக்கா உங்களை வளர்த்தது உண்மை. ஆனால் அப்போது கூடவே திண்ணையில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பார், வெற்றிலை இடித்துக்கொண்டு. அவர் ஒன்றும் செய்யாத மாதிரிதான் தெரியும். பிள்ளை கிணற்றுப் பக்கம் நகர்ந்தால் ஒரு சத்தம் போடுவார். அந்தக் கிழவி இப்போது உங்கள் திண்ணையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மகனை அங்கன்வாடியில் விடுங்கள். மூன்று வயது அதற்குச் சரியான வயது, மதியச் சாப்பாடும் கிடைக்கும். நூறு நாள் வேலைக்கு 2005-இல் சட்டம் எழுதியபோதே அதில் ஒன்று சேர்த்தார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு அம்மாக்களோடு ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும், அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்று. உங்கள் ஊரில் ஐந்து பிள்ளைகளாவது இருப்பார்கள். எல்லோரும் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருவதால்தான் அந்த ஆள் வருவதில்லை. கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

உங்கள் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

சிஸ்டர் ஆன்ட்டி, எனக்கு 11 வயது ஆகிறது. ஆறாவது படிக்கிறேன். என் பிரெண்ட்ஸ் எல்லோரும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். என் அம்மா மட்டும் மாடிக்குத் துணி எடுக்கப் போனால்கூட என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்கு எல்லாம் தெரியும். என் அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கள்.
ஒரு மாணவி, காரைக்குடி

கண்ணு, உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. எழுத்துப் பிழையும் இல்லை. இந்தக் கடிதத்தை நீயே தபால் பெட்டியில் போட்டாயா?

உன் அம்மாவுக்கு நான் சொல்வதைவிட நீ காட்டினால் அவர் நம்புவார். அம்மா சமையல் முடித்ததும் போய் ரெகுலேட்டரை மூடு, மூடிவிட்டேன் என்று சொல். ஒரு வாரம் விடாமல் செய். அப்பா நம்பரைப் பார்க்காமல் போட்டுக் காட்டு. உன் வீட்டுக்கு எப்படி வருவது என்று நான் கேட்பதாக நினைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி சொல்லிப் பார். நடுவில் எங்கே தடுமாறுகிறாய் என்று உனக்கே தெரியும். அப்புறம், துணி எடுக்க அம்மா மாடிக்குப் போகும்போது 'இன்றைக்கு மட்டும் நான் கீழே இருக்கிறேன், பத்து நிமிடம்தானே' என்று கேள். அழாமல், பிரெண்ட்ஸ் பெயரைச் சொல்லாமல் கேள்.

இன்னொன்று. தனியாக இருக்கும்போது பயம் வந்தால் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொன்னதை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்காதே. மாடியைப் பார்த்து 'அம்மா' என்று சத்தமாகக் கூப்பிடு. கூப்பிட்டதற்காக அம்மா உன்னைச் சின்னப் பிள்ளை என்று சொல்ல மாட்டார். நான் சொன்னதாக இதையும் அவரிடம் படித்துக் காட்டு.

அந்தப் பத்து நிமிடம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுவாயா? உன் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.